பெட்டிக்குள்ளே என்ன இருக்கிறது?

செஞ்சிக் கோட்டைக்கு வருகிறவர்கள் கல்யாண மகால் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ராஜகிரியை அண்ணாந்து பார்த்து, இந்த வெயிலில் ஏறத்தான் வேண்டுமா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். அடிவாரத்து நெற்களஞ்சியத்துக்குள் தலையை நீட்டிவிட்டு, வௌவால் நாற்றம் தாங்காமல் திரும்பிவிடுகிறவர்களே அதிகம். தடித்த சுவரும் வளைந்த கூரையுமான அந்தக் கட்டடத்தைப் பற்றிப் பாட்டு கிடையாது. தேசிங்கு ராஜன் கதையிலும் அதற்கு இடமில்லை. ஆனால் இந்தக் கோட்டை எட்டு ஆண்டு முற்றுகையைத் தாங்கியதில் பீரங்கிக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு அந்தக் களஞ்சியத்துக்கும் உண்டு. எதிரே கிருஷ்ணகிரி மலைமேலும் களஞ்சியங்கள் இருக்கின்றன. கோட்டை கட்டியவர்கள் வயிற்றுக் கணக்கை முதலில் போட்டுவிட்டுத்தான் மதில் எழுப்பியிருக்கிறார்கள்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ 12 மராட்டியக் கோட்டைகளை ஒரே தொகுதியாக உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில். பன்னிரண்டாவது நம் செஞ்சி. அந்தச் செய்தி வந்த அதே காலத்தில் இன்னொரு செய்தியும் வந்துகொண்டிருந்தது: துறைமுகங்களையும் ராணுவக் கிடங்குகளையும் செயற்கை நுண்ணறிவின் கையில் கொடுப்பது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு, செஞ்சியின் கதையையே பதிலாகச் சொல்லலாம்.

தேவனாம்பட்டினத்தில் விற்ற கோட்டை

1689இல் மராட்டியத் தலைநகர் ராய்கட் கைவிட்டுப் போகும் நிலையில் சிவாஜியின் மகன் ராஜாராம் மாறுவேடத்தில் தெற்கே தப்பி வந்து செஞ்சியில் அமர்ந்தார். மறுவருடமே ஔரங்கசீப்பின் தளபதி சுல்ஃபிகர் கான் கோட்டையைச் சூழ்ந்தார். சூழ்ந்தார் என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். மூன்று மலைகளையும் அவற்றை இணைக்கும் மதிலையும் முழுக்க வளைக்க அவரிடம் ஆள் போதவில்லை. ஏதாவது ஒரு பக்கம் வழியாக நெல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

ராஜாராமிடம் மலை இருந்தது, காசு இல்லை. காசு கடற்கரையில் இருந்தது. 1690இல் கடலூருக்கு அருகே தேவனாம்பட்டினத்துக் கோட்டையை அவர் ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றார். பீரங்கியால் சுட்டு, குண்டு போய் விழுகிற தூரம் வரை உள்ள ஊர்களெல்லாம் கம்பெனிக்கு என்பது பேரம். அந்தக் குண்டு கிராமங்களைச் சேர்த்துத்தான் செயின்ட் டேவிட் கோட்டை வளர்ந்தது. மலைக்கோட்டையைக் காப்பாற்றத் துறைமுகத்தை விற்ற கதை இது. பிற்பாடு அந்தத் துறைமுகத்தை வாங்கியவன் நாட்டையே வாங்கியது வேறு கதை.

எதிர்த் தரப்புக்கும் நிலைமை சுகமாக இல்லை. 1692 இறுதியில் மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் பெரிய குதிரைப் படையோடு வந்து இறங்கினார்கள். முகாமைத் தாக்குவதோடு நிற்காமல் முகாமுக்கு வரும் தானிய வழிகளை வெட்டினார்கள். கடிதம் கொண்டுபோகிறவர்களையும் விடவில்லை. தக்காணத்தில் இருந்த சக்கரவர்த்தியிடமிருந்து செய்தி நின்றது. ஔரங்கசீப் இறந்துவிட்டார் என்ற வதந்தி முகாமில் பரவியது. முகாமில் கூடவே இருந்த ஔரங்கசீப்பின் மகன், இளவரசர் காம் பக்ஷ் ராஜாராமுடன் ரகசியப் பேச்சு தொடங்க, சுல்ஃபிகர் கானும் அவருடைய தந்தை அசத் கானும் சேர்ந்து இளவரசரையே காவலில் வைத்தார்கள். 1693 தொடக்கத்தில் சுல்ஃபிகர் கான் முற்றுகையைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினார். நெல் கிடைக்கிற இடம் அது.

இதையெல்லாம் நமக்கு எழுதி வைத்தவர்களில் ஒருவர் பீம்சேன். முகலாயத் தளபதி தல்பத் ராவ் புந்தேலாவிடம் வேலை பார்த்தவர், முற்றுகையை நேரில் கண்டவர். முகாமில் தானியம் படுத்திய பாட்டை அவர் நூலில் படித்தால் போர் என்பது பெரும்பாலும் வண்டிச் சமாச்சாரம் என்பது விளங்கும்.

1698இல்தான் கோட்டை முகலாயர் கைக்குப் போனது. ஆனால் செஞ்சிக்கும் கடலுக்கும் இருந்த உறவு 1761இல் இன்னும் பச்சையாகத் தெரிந்தது. அப்போது கோட்டை பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. ஏப்ரலில் செஞ்சியும் சரணடைந்தது. ராஜகிரியின் செங்குத்துப் பாறையை யாரும் தகர்க்கவில்லை. துறைமுகம் போனதும் மேலே இருந்தவர்கள் யாருக்காகக் காத்திருப்பது?

எம்டன் சுட்டது எதை?

நம் ஊரில் கெட்டிக்காரப் பயலை எம்டன் என்கிறோம். அந்தப் பெயரைக் கொடுத்த ஜெர்மானியக் கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக் கரைக்கு வந்தபோது அதன் முக்கிய இலக்கு துறைமுகத்தில் நின்ற பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். அரை மணி நேரத்தில் தொட்டிகள் பற்றி எரிய, கப்பல் இருட்டில் மறைந்தது. எம்டனும் நிலக்கரிக்கு அடிமைதான். பிடித்த வணிகக் கப்பல்களில் இருந்த நிலக்கரியை எடுத்துப் போட்டுத்தான் அத்தனை நாள் இந்தியப் பெருங்கடலில் திரிந்தது. எதிரியின் சேமிப்பை எரிப்பது, தன் சேமிப்பை எதிரியிடமிருந்தே நிரப்பிக்கொள்வது: கடற்போரின் இரண்டு பாடத்தையும் ஒரே கப்பல் நடத்திக் காட்டியது.

அதற்கு முப்பது வருடம் கழித்து, எதிரியே இல்லாமல் ஒரு துறைமுகம் அழிந்தது. போர்த் துறைமுகம் என்றால் என்ன, அங்கே என்ன தப்பாகப் போகும் என்று புரிய வேண்டுமானால் 1944 ஏப்ரல் 14ஆம் தேதி பம்பாய் விக்டோரியா டாக்கைப் பார்த்தால் போதும்.

கப்பலின் பெயர் ஃபோர்ட் ஸ்டிக்கீன். பிப்ரவரியில் இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டில் புறப்பட்டபோது அதில் சுமார் 1,400 டன் வெடிபொருள், போர் விமானங்கள், பெட்டியில் அடைத்த தங்கக் கட்டிகள். கராச்சியில் கொஞ்சம் இறக்கினார்கள். காலியான இடத்தைச் சும்மா விடுவதா? போர்க்காலம், கப்பல் இடத்துக்குப் பஞ்சம். பருத்திப் பொதிகளையும் மசகு எண்ணெய்ப் பீப்பாய்களையும் ஏற்றினார்கள். மரக்கட்டை, கந்தகம், அரிசி, மீன் உரம் எல்லாம் ஏறியது. பருத்தி தானாகவே கனன்று பற்றக்கூடியது, வெடிமருந்தோடு அதை வைக்கக் கூடாது என்பது கப்பல்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஏற்றினார்கள். ஏப்ரல் 12இல் பம்பாய் வந்த கப்பல், வெடிபொருள் இருப்பதைக் காட்டும் சிவப்புக் கொடியை ஏற்றவில்லை. கரையில் இருந்த பலருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. மூன்றாம் நாள் பகல் சாப்பாட்டு நேரத்தில் இரண்டாம் எண் அறையிலிருந்து புகை. பம்பாய்த் தீயணைப்புப் படையினர் வந்து மேல்தளத்தில் நின்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். மாலை 4 மணி 6 நிமிடத்துக்கு முதல் வெடிப்பு. அரை மணி கழித்து அடுத்தது. பக்கத்தில் நின்ற கப்பல்களும் கிடங்குகளும் போயின. தங்கக் கட்டிகள் பறந்து போய் விழுந்தன. தீயணைப்பு வீரர்கள் 66 பேர் செத்தார்கள். மொத்த உயிரிழப்பு 800 என்றும் 1,300 என்றும் கணக்குகள் வேறுபடுகின்றன. ஏப்ரல் 14ஐ நாடு முழுக்கத் தீயணைப்புச் சேவை நாளாக நாம் அனுசரிப்பது இதனால்தான்.

அன்றைக்கு எந்தத் தகவலும் இல்லாமல் போகவில்லை. சரக்குப் பட்டியல், அதாவது மேனிஃபெஸ்ட், கப்பலில் இருந்தது. பருத்தியை வெடிபொருளோடு வைக்காதே என்ற விதி புத்தகத்தில் இருந்தது. பட்டியலையும் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கராச்சியில் அந்த நேரத்தில், இது கூடாது என்று அதட்டிச் சொல்ல ஓர் ஆள் இல்லை. இன்று கணினி செய்வதாகச் சொல்லும் வேலை அதுதான்.

நாற்பதாயிரம் பெட்டிகள்

ராணுவத் துறைமுக வேலையில் செயற்கை நுண்ணறிவு நேற்று முளைத்ததல்ல. அது களத்துக்கு வந்த காலத்துச் சிக்கலை முதலில் பார்ப்போம். 1990–91 வளைகுடாப் போருக்காக அமெரிக்கா சவுதி அரேபியாவின் தம்மாம், ஜுபைல் துறைமுகங்களில் கொண்டுபோய் இறக்கிய கன்டெய்னர்கள் ஏறத்தாழ 40,000. அவற்றில் பாதிக்கு மேல் திறந்து பார்த்தால்தான் உள்ளே என்ன என்று தெரியும் என்ற நிலை. பாலைவனத்தில் மலை மலையாகப் பெட்டிகள். டயர் கேட்டவனுக்கு டயர் அந்த மலையில்தான் எங்கேயோ இருக்கிறது, ஆனால் கிடைக்கவில்லை. கிடைக்காதவன் திரும்பவும் கேட்கிறான், அமெரிக்காவிலிருந்து இன்னொரு பெட்டி வருகிறது, மலை இன்னும் உயர்கிறது.

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தை அறுவடைக் காலத்தில் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். வல்லம், மேல்மலையனூர் பக்கமிருந்தெல்லாம் மூட்டை ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். வாங்கிய வியாபாரியின் லாரி வர ஒரு நாள் தாமதமானால் நேற்றைய மூட்டை நகராது. நேற்றைய மூட்டை நகராவிட்டால் இன்றைய மூட்டைக்கு இடமில்லை. வெளியே வண்டிகள் நிற்கும். இங்கே பிரச்சினை நெல் இல்லாதது அல்லவே, நெல் நகராதது. துறைமுகத்துக்கும் அதே வியாதிதான், அளவுதான் வேறு.

அந்த வளைகுடாப் போரின்போதுதான் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பா, டார்ட் என்ற திட்டமிடும் மென்பொருளை அவசரமாகக் களத்தில் இறக்கியது. எந்தப் படைப்பிரிவு, எந்தத் துறைமுகத்தில், எந்தக் கப்பலில், எந்த நாளில் என்கிற கணக்கைப் போடுவதும், ஒன்று மாறினால் மற்றதையெல்லாம் மறுபடி போடுவதும் அதன் வேலை. ஆட்கள் உட்கார்ந்து நாள் கணக்கில் செய்ததை அது மணிக் கணக்கில் முடித்தது. முப்பது வருடம் செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சியில் போட்ட பணத்தை இந்த ஒரு மென்பொருளே திருப்பிக் கொடுத்துவிட்டது என்று டார்பா பெருமை பேசியது. இதில் விளம்பரம் எவ்வளவு என்று நாம் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம். ஆனாலும் ஒன்று கண்ணில் படுகிறது. திட்டம் போட டார்ட் இருந்தது, பெட்டிக்குள் என்ன என்பது யாருக்கும் தெரியவில்லை. அதே போரில், ஒரே நேரத்தில்.

எதை முதலில் ஏற்றுவது?

படையை ஏற்றும் கப்பலை வணிகக் கப்பல் மாதிரி அடைக்க முடியாது. வணிகக் கப்பலில் இடம் வீணாகக் கூடாது. போர்க் கப்பலில் கரையில் முதலில் எது வேண்டுமோ அது கடைசியாக ஏற வேண்டும். 1915இல் கலிப்போலிப் போருக்குப் பிரிட்டன் அனுப்பிய கப்பல்களில் இது தலைகீழாகிப் போக, எல்லாவற்றையும் எகிப்தின் அலெக்சாண்டிரியாவுக்குக் கொண்டுபோய் இறக்கி, பிரித்து, மறுபடி ஏற்றினார்கள். அந்த வாரங்களில் துருக்கியர்கள் எதிர்க் கரையில் பதுங்கு குழிகளை ஆற அமர வெட்டினார்கள்.

நம் கடற்படையின் ஐ.என்.எஸ். ஜலாஷ்வாவை எடுத்துக்கொள்வோம். 2020 ஜூனில் கொழும்பிலிருந்து ஏறத்தாழ 700 பேரைத் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கிய அதே கப்பல். படையையும் வண்டிகளையும் கரையில் இறக்குவதற்கென்றே கட்டப்பட்டது. இதில் ஒரு படைப்பிரிவை ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கனமான வண்டி கீழே போக வேண்டும். ஆனால் முதலில் இறங்க வேண்டியதும் அந்த வண்டியாக இருக்கலாம். தளம் ஒரு சதுர மீட்டருக்கு இவ்வளவுதான் தாங்கும். எடை ஒரு பக்கம் சாயக் கூடாது. வெடிபொருள் தனி உலகம்: பன்னாட்டு ஆபத்துச் சரக்கு விதிகளில் வெடிபொருள் முதல் வகுப்பு. அதற்குள் ஆறு பிரிவுகள், எதோடு எது சேரலாம் என்பதற்கு 13 குழுக்கள். வெடிக்கவைக்கும் டெட்டனேட்டர் ஒரு மூலை என்றால் வெடிமருந்து வேறு மூலை. இத்தனைக்கும் நடுவே ரயில் ஆறு மணி நேரம் தாமதம் என்று செய்தி வருகிறது. ஓதம் காத்திருக்காது. பெர்த்துக்காக அடுத்த கப்பல் காத்திருக்கிறது.

முன்பெல்லாம் கப்பல் தளத்தின் வரைபடத்தை மேசையில் விரித்து, அட்டையில் வெட்டிய வண்டி வடிவங்களை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பார்கள். அனுபவசாலி அதிகாரி நல்ல திட்டம் போட்டுவிடுவார். ரயில் தாமதமானால் அட்டைகளைக் கலைத்து மறுபடி முதலிலிருந்து. கணினி ஜெயிக்கிற இடம் இந்த ‘மறுபடி’தான். ஒரு விதி மாறியதும் ஆயிரக்கணக்கான அடுக்குகளைப் போட்டுப் பார்த்து, விதி மீறாத சிலவற்றை எடுத்து நீட்டுகிறது. இதில் பெரும்பகுதி பழைய கணிதம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இப்போது விற்க வருகிறவர்கள் கால்குலேட்டருக்கும் செயற்கை நுண்ணறிவு என்று பெயர் ஒட்டிவிடுகிறார்கள்.

புதிதாக வந்திருப்பது கண்ணும் மூக்கும். துறைமுக வாசலில் கேமரா கன்டெய்னர் எண்ணைப் படிக்கிறது. நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் தனியாக ஒரு சோதனை இலக்கம். முந்தைய பத்தையும் ஒரு கணக்கில் போட்டு வரும் விடையே அந்த இலக்கம். சேறு படிந்த 3ஐ 8 என்று கேமரா படித்தால் கணக்கு உதைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். முன்பு மழையில் குடை பிடித்து நின்று, சரக்கை எண்ணிச் சரிபார்க்கும் டாலி கிளார்க் நோட்டில் எழுதியதை இது நொடியில் முடிக்கிறது. மூக்கு என்றது ஆபத்தை மோப்பம் பிடிப்பதை. ஜெர்மனியின் ஹாபாக்-லாய்டு கப்பல் கம்பெனி பல வருடங்களாகவே சரக்குப் பதிவுகளைச் சலிக்க ஒரு மென்பொருள் வைத்திருக்கிறது. ‘கரி’ என்றும் ‘பொம்மை’ என்றும் எழுதி ஆபத்தான சரக்கை அனுப்பப் பார்க்கிறவர்களைச் சொற்களின் சேர்க்கையை வைத்தே சந்தேகிக்கிறது. ஃபோர்ட் ஸ்டிக்கீனுக்கு இல்லாமல் போன அதட்டும் குரல் இது.

அது எவ்வளவு தேவை என்பதை 2025 மே மாதம் நம் கரையே பார்த்தது. கேரளத்தின் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் சாய்ந்து மூழ்கியது. 640 கன்டெய்னர்கள். அவற்றில் 13 ஆபத்துச் சரக்கு, பன்னிரண்டில் கால்சியம் கார்பைடு. கன்னியாகுமரிக் கரை வரை பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கின. மீனவர்கள் வாரக் கணக்கில் கேட்ட கேள்வி ஒன்றே: பெட்டிக்குள்ளே என்ன இருக்கிறது? 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் 2,750 டன் அமோனியம் நைட்ரேட்டில் வெடித்தபோது சென்னையும் ஒரு கணம் உறைந்தது. 2015இல் சுங்கத் துறை பறிமுதல் செய்த ஏறக்குறைய 700 டன் அதே பொருள் மணலியில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் ஐந்து வருடமாகக் கிடந்தது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. அவசர அவசரமாக ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். அந்தச் சரக்கு தாளில் இருந்தது, கோப்பு இருந்தது, வழக்கும் இருந்தது. எந்தக் கணினியும் அதைக் கண்டுபிடிக்கத் தேவையிருக்கவில்லை. படிக்க ஆள்தான் தேவைப்பட்டது.

ஜீரோ கேட்டில் நிற்கும் ட்ரெய்லர்

இந்தியாவில் என்ன நடக்கிறது? பாதுகாப்பில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவது பற்றி ஆராய 2018இல் அரசு அமைத்த குழுவுக்குத் தலைவர், நாமக்கல் மாவட்டம் மோகனூரில் பிறந்த டாடா சன்ஸ் தலைவர் நடராஜன் சந்திரசேகரன். அதன் அறிக்கைக்குப் பிறகு இதற்கென ஒரு தேசியக் குழுவும் திட்ட அமைப்பும் வந்தன, ஆண்டுக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கீடும் வந்தது. கடற்படை, ஜாம்நகரில் உள்ள ஐ.என்.எஸ். வல்சுராவை இதற்கான சிறப்பு மையமாக்கியது. 2022 ஜூலையில் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் 75 செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை ஒரே மேடையில் வெளியிட்டார். முப்படைகளும் கிடங்கைப் பங்கிட்டுக்கொள்ள மும்பை, குவாஹாட்டி, போர்ட் பிளேர் ஆகிய இடங்களில் கூட்டு மையங்கள் செயல்படுகின்றன.

துறைமுகப் பக்கம் நம் சென்னை ஐ.ஐ.டி. முன்னால் நிற்கிறது. அதன் தையூர் வளாகத்தில் துறைமுகங்களுக்கான தேசியத் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. விழிஞ்ஞத்தில் கப்பல் போக்குவரத்தைக் கண்காணிக்கும் உள்நாட்டு அமைப்பு இவர்கள் கைவண்ணம். அங்கே கரையோர மீனவக் குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள் அறைக்குள் உட்கார்ந்து திரையைப் பார்த்தபடி யார்டு கிரேன்களை இயக்குகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

சென்னைக்கு வருவோம். ராணுவத்துக்குச் சென்னைத் துறைமுகம் புதிதில்லை. இலங்கைக்குப் போன அமைதிப் படையின் கடைசித் தொகுதி 1990 மார்ச்சில் திருகோணமலையிலிருந்து கப்பலேறி இங்கேதான் வந்தது. முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை என்பதுதான் மக்கள் நினைவில் நிற்கிறது. அத்தனை வண்டியும் ஆளும் எப்படி இறங்கி எந்த ரயிலில் போனார்கள் என்பதை யார் நினைவு வைத்திருக்கிறார்கள்?

அந்தத் துறைமுகத்தின் வடக்கு வாசலான ஜீரோ கேட்டுக்குப் போகும் எண்ணூர் சாலையில் ட்ரெய்லர் வரிசையைப் பார்க்காத வடசென்னைவாசி கிடையாது. டிரைவர்கள் வண்டிக்கடியில் தூளி கட்டித் தூங்குவார்கள். துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009இல் அடிக்கல் நாட்டினார்கள். 2012இல் வேலை நின்றது. பத்து வருடம் வெறும் தூண்களைப் பார்த்தோம். 2022 மே மாதம் இரண்டடுக்குச் சாலையாக மறுபடி அடிக்கல். கப்பல் எத்தனை மணிக்கு வரும் என்று பத்து நாள் முன்பே துல்லியமாகச் சொல்லும் மென்பொருளை இந்த வாசலில் வைத்தால், ட்ரெய்லர் எவ்வளவு நேரம் நிற்கப்போகிறது என்பதையும் அது துல்லியமாகச் சொல்லும். அவ்வளவுதான். அரை நாள் நெரிசலைக் குறைக்க வாசல் நேரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கலாம், அது உண்மையான பயன். இல்லாத சாலையை அது போட்டுத் தராது.

இன்னொரு இடைவெளி எனக்குப் பெரிதாகப் படுகிறது. உதிரிபாகம் எப்போது எத்தனை தேவைப்படும் என்று கணிக்கும் மென்பொருள் பழைய பதிவுகளைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது. நம்மிடம் இருப்பது சமாதான காலப் பதிவு. போர் வந்தால் கணக்கு வேறு. உக்ரைன் போர் தொடங்கியபின் ஐரோப்பிய நாடுகளின் குண்டுக் கிடங்குகள் காலியான வேகம் எந்தக் கணிப்பிலும் இல்லை. 2024 மார்ச்சுக்குள் பத்து லட்சம் குண்டு தருகிறோம் என்று வாக்குக் கொடுத்த ஐரோப்பிய ஒன்றியம் அந்தத் தேதிக்குள் பாதியைத்தான் எட்டியது. அதோடு, ஒரே போல்ட்டுக்கு ஒரு கிடங்கில் ஒரு பெயரும் இன்னொரு கிடங்கில் இன்னொரு பெயரும் இருந்தால், கணினிக்கு அவை இரண்டு பொருள். அதற்காகத்தான் பல நாட்டு ராணுவங்கள் ஒவ்வொரு உருப்படிக்கும் 13 இலக்க எண் கொடுக்கின்றன. பட்டியலைச் சரிசெய்யும் இந்த வேலையில் பெருமை கிடையாது, மேடையில் வெளியிட முடியாது. 75 கருவிகளைவிட இதற்கு முதலில் பணம் போட வேண்டும் என்பது என் கட்சி.

பட்டியலை யார் படிக்கிறார்கள்?

பட்டியல் சரியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது வேறு சிக்கல் ஆரம்பிக்கிறது. எந்தத் துறைமுகத்துக்கு எத்தனை டன் வெடிமருந்து, எத்தனை படுக்கை, எத்தனை ரத்தப் பை போகிறது என்று தெரிந்தால், எங்கே எப்போது போர் என்பதும் தெரிந்துவிடும். சந்தாஜி தபால்காரர்களை வழிமறித்தது போல இன்று யாரும் குதிரையில் வரவேண்டாம்.

2016இல் இந்தியாவும் அமெரிக்காவும் ஒருவர் துறைமுகத்தில் மற்றவர் போர்க்கப்பல் எரிபொருளும் சரக்கும் நிரப்பிக்கொள்ள ஒப்பந்தம் போட்டன. 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் சரக்குக் கப்பல் சார்லஸ் ட்ரூ பழுதுபார்க்க வந்த இடம் எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளி. கப்பல் தளம் எல் அண்ட் டி, பக்கத்துத் துறைமுகம் அதானி. விழிஞ்ஞத்தையும் நடத்துவது அதானி. அங்கே நிற்கும் பெரிய கிரேன்கள் 2023 முதல் ஷாங்காயிலிருந்து கப்பலில் வந்தவை. அமெரிக்கத் துறைமுகங்களின் கப்பல்–கரை கிரேன்களில் ஐந்தில் நான்கு சீனத் தயாரிப்பு. அவற்றின் மென்பொருள் வழியே சரக்கு விவரம் கசியலாம் என்று பயந்து 2024 பிப்ரவரியில் அந்த அரசு தனி உத்தரவே போட்டது. நம் கரைக்கு எதிரே அம்பாந்தோட்டையில் 2022இல் சீன ஆய்வுக் கப்பல் யுவான் வாங் 5 வந்து நின்றபோது இங்கே எல்லோரும் அதன் ஆண்டெனாவைப் பற்றிப் பேசினோம். கிரேனின் கணினியைப் பற்றி யாரும் பேசவில்லை. போர் வந்தால் படை ஏறப்போவது இந்த வணிகத் துறைமுகங்களில்தான். அவற்றின் கணினி அறை ராணுவ விஷயம் என்று இப்போதே சட்டத்தில் எழுத வேண்டும். தனியார் சொத்து, வணிக ரகசியம் என்ற சாக்கு இங்கே எடுபடக் கூடாது.

கசிவாவது மெதுவாக நடக்கும். 2017 ஜூன் 27 அன்று நடந்தது அடியோடு சாய்ப்பு. நாட்பெட்யா என்ற நச்சுநிரல் உக்ரைனைக் குறிவைத்துக் கிளம்பி, உலகின் மிகப் பெரிய கப்பல் கம்பெனிகளில் ஒன்றான மேர்ஸ்க்கைத் தாக்கியது. நவி மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்திய முனையமும் நின்றது. வாசலில் லாரிகள் குவிந்தன. எந்தப் பெட்டி எந்தக் கப்பலுக்கு என்று கேட்டால் திரை கறுப்பாக இருந்தது. மேர்ஸ்க் பத்து நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவியது. அதற்கும் தொடக்கப்புள்ளியாக, வலையமைப்பை நடத்தும் சர்வரின் ஒரு நல்ல பிரதி வேண்டுமே? உலகம் முழுக்கத் தேடியதில் கானா நாட்டு அலுவலகத்தில் ஒன்றே ஒன்று பிழைத்திருந்தது. தாக்குதல் நேரத்தில் அங்கே மின்வெட்டு!

மின்வெட்டை நம்பி நாட்டின் பாதுகாப்பை நடத்த முடியாது. வணிகக் கம்பெனிக்கு அது 30 கோடி டாலர் வரை நஷ்டம். ஒரு படை பாதி ஏறி நிற்கும்போது இது நடந்தால் என்ன ஆகும்? கணினி வந்தபின் துறைமுகங்களில் டாலி கிளார்க்குகள் ஓய்வுபெற்றுப் போகிறார்கள். அந்த இடங்கள் நிரப்பப்படுவதில்லை. சுண்ணாம்புக் கட்டியால் பெட்டியில் குறியிட்டு, நோட்டில் கோடு கிழித்து, விசில் ஊதிக் கிரேனை நிறுத்திய அந்தத் தலைமுறை போய்விட்டால், திரை கறுக்கும் நாளில் யார்டில் நிற்பவனுக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது.

ஒரு யோசனை. கடற்படை வருடந்தோறும் எத்தனையோ பயிற்சி நடத்துகிறது. சென்னையிலோ காட்டுப்பள்ளியிலோ ஒரு நாள், முன்கூட்டிச் சொல்லாமல், எல்லாத் திரையையும் அணைத்துவிட்டு ஒரு கப்பலை ஏற்றச் சொல்லட்டும். மூன்று டாலி கிளார்க்குகளை ஓய்விலிருந்து கூப்பிட்டு, கூலி கொடுத்து, பக்கத்தில் நிறுத்தட்டும். மாலையில் அவர்கள் நோட்டையும் கணினியின் பட்டியலையும் ஒப்பிட்டு, எத்தனை பெட்டியில் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று எண்ணட்டும். செலவு ஒரு நாள் சரக்கு.